அப்பாவின் ரேசரை எடுக்காதே, கண்ணு!

சேலம் நாலு ரோடு பக்கத்தில் 22 வருடமாகப் பார்லர் நடத்துகிறேன். இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் முகப்பருவும் முடி உதிர்வும்தான் அதிகம் இருக்கும். இந்த மாதம் கால் முடி பற்றி மட்டும் ஐந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. ஐந்திலும் கடைசி வரி ஒன்றுதான்: "பெயர் போட வேண்டாம்." போடவில்லை. ஆனால் இதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. பார்லருக்கு வரும் பெண்களின் காலில் நான் பார்த்த வெட்டுத் தழும்புகளில் பாதிக்கு மேல், கதவைச் சாத்திக்கொண்டு அவசர அவசரமாகச் செய்ததால் வந்தவை.

கல்லூரி வாலிபால் அணியில் இருக்கிறேன். ஷார்ட்ஸ் போட்டுத்தான் ஆட வேண்டும். வேக்ஸிங் வலி தாங்க முடியவில்லை, மாதாமாதம் செலவும் கட்டுப்படியாகவில்லை. கடையில் பெண்களுக்கான ரேசரே ஏழெட்டு விதம் தொங்குகிறது. எதை வாங்குவது? ஷேவ் செய்தால் முடி தடித்து வளரும் என்று அம்மா வேறு பயமுறுத்துகிறார்.
– ஹாஸ்டல் மாணவி, அஸ்தம்பட்டி

முதலில் அம்மாவின் பயத்தைத் தீர்த்துவிடலாம். முடியின் தடிமனையும் வேகத்தையும் தீர்மானிப்பது தோலுக்கு உள்ளே இருக்கும் வேர். பிளேடு அதைத் தொடுவதே இல்லை. மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் 1928-லேயே இதை அளந்து பார்த்து, ஷேவ் செய்வதால் முடி தடிப்பதில்லை என்று எழுதிவிட்டார். பிறகு ஏன் சொரசொரவென்று இருக்கிறது? தானாக வளர்ந்த முடிக்கு நுனி மெலிந்திருக்கும். வெட்டிய முடிக்கு நுனி மொட்டை. சோளம் அறுத்த காட்டில் வெறுங்காலோடு நடந்திருந்தால் புரியும், தட்டையின் அடிக்கட்டை எப்படிக் குத்தும் என்று. கட்டை குத்துகிறது என்பதற்காகப் பயிர் தடித்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை. அம்மாவிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள்.

இனி ரேசர். கடைக்குப் போகும் முன் உங்கள் ஹாஸ்டல் பாத்ரூமை நினைத்துப் பாருங்கள். ஷவரா, பக்கெட்டும் மக்குமா? பக்கெட் என்றுதான் நினைக்கிறேன். ரேசர் தேர்வில் இதுதான் முதல் கேள்வி, இதை எந்தக் கடைக்காரரும் கேட்பதில்லை. ஜில்லெட் நிறுவனம் 2002-ல் இந்திய ஆண்களுக்கென்று ஒரு ரேசர் கொண்டுவந்தது. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்திருந்தார்கள், அங்கே எல்லோருக்கும் பிடித்திருந்தது. இங்கே வந்ததும் பிளேடுக்கு நடுவில் முடி அடைத்துக்கொண்டது. காரணம் ரொம்ப எளிது: அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும், இங்கே பலர் ஒரு கிண்ணத் தண்ணீரில் ரேசரை ஆட்டிக் கழுவுகிறார்கள். அதன் பிறகு இங்குள்ள வீடுகளில் வந்து உட்கார்ந்து பார்த்துத்தான் 2010-ல் ஒரே பிளேடு வைத்த, எளிதாகக் கழுவக்கூடிய 'கார்டு' ரேசரை விற்றார்கள்.

முகத்துக்கே அப்படி என்றால் காலை யோசித்துப் பாருங்கள். பரப்பு பல மடங்கு, முடியும் அவ்வளவு. அதனால் மக் தண்ணீரில் ஷேவ் செய்கிறவர்களுக்கு நான் ஐந்து பிளேடு ரேசரைச் சொல்வதே இல்லை. இரண்டு அல்லது மூன்று பிளேடு போதும். பிளேடுகளுக்கு நடுவே இடைவெளி இருக்க வேண்டும், தலையின் பின்பக்கம் திறந்திருக்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் சந்து தெரிகிறதா? தெரிந்தால் தண்ணீரும் அதன் வழியே போகும்.

அடுத்தது கைப்பிடி. சோப்பு நுரையோடு, குனிந்தபடி, கெண்டைக்காலின் பின்பக்கம் வரை கொண்டுபோக வேண்டிய பொருள் அது. மெல்லிய பிளாஸ்டிக் குச்சி வழுக்கும். கொஞ்சம் பருமனாக, ரப்பர் பிடி அல்லது வரிவரியாக மேடு வைத்ததாக எடுங்கள். தலை முன்னும் பின்னும் அசைய வேண்டும். முழங்காலிலும் கணுக்காலிலும் வெட்டு விழாமல் காப்பது அந்த அசைவுதான். தலையில் இருக்கும் வழவழப்புப் பட்டை நல்லதே. ஆனால் அது வழுக்க உதவுமே தவிர, ஜெல்லுக்குப் பதிலாகாது.

ஒரு பாக்கெட்டில் ஐந்தாறு வரும் யூஸ் அண்ட் த்ரோ ரேசர், ஊருக்குப் போகும்போது பையில் வைத்துக்கொள்ள மட்டும். பெரும்பாலும் தலை அசையாது, எடையே இருக்காது, அழுத்தத் தோன்றும். அழுத்தினால் வெட்டும். தலை மட்டும் மாற்றுகிற வகையை வாங்குங்கள். வாங்கும் முன் அதற்கு மாற்றுத் தலை அதே கடையில் கிடைக்குமா என்று கேளுங்கள். கைப்பிடி கையிலும் தலை வேறு ஊரிலும் இருந்தால், மழுங்கிய பிளேடையே மாதக்கணக்கில் ஓட்டுவீர்கள்.

இரும்பு சேஃப்டி ரேசர் நல்லதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நான் பல வருடமாக அதைத்தான் வைத்திருக்கிறேன். ஒரு இழுப்புக்கு ஒரே கூர்தான் படும், தோலுக்கு எரிச்சல் குறைவு, பிளேடு சில ரூபாய்தான். ஆனால் தலை அசையாது. 30 டிகிரி அளவுக்குச் சாய்த்து, அதன் எடையிலேயே நகர விட வேண்டும். முன்னங்கால் எலும்பின் மேல் ஒரு நொடி கோணம் தவறினால் போதும். கை பழகி ஒரு வருடம் ஆகட்டும், பிறகு பாருங்கள்.

ஷேவ் செய்வது குளியலின் கடைசியில். முதலில் இரண்டு மூன்று நிமிடமாவது கால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வேண்டும். ஊறிய முடி மிருதுவாகிவிடும். இங்கே சேலத்தில் இன்னொரு சங்கதி இருக்கிறது. மேட்டூர் தண்ணீர் வருகிற நாளில் சோப்பு நன்றாக நுரைக்கும், போர் தண்ணீர் என்றால் எத்தனை தேய்த்தாலும் திரிதிரியாக அழுக்குபோல நிற்கும். அந்தத் திரி பிளேடிலும் ஒட்டும். உங்கள் ஹாஸ்டலில் உப்புத் தண்ணீர் என்றால் சோப்பை விட்டுவிட்டு ஷேவிங் ஜெல் வாங்குங்கள். அது செலவென்று பட்டால், தலைக்குப் போடும் கண்டிஷனரைக் காலில் பூசிக்கொள்ளுங்கள், நன்றாகவே வழுக்கும். தேங்காய் எண்ணெய் முன்னால் வேண்டாம், பிளேடு அடைத்துக்கொள்ளும். முடித்த பிறகு தாராளமாகத் தடவலாம்.

முடி வளரும் திசையிலேயே, அதாவது மேலிருந்து கீழாக, சின்னச் சின்ன இழுப்பாக இழுங்கள். இரண்டு மூன்று இழுப்புக்கு ஒரு தடவை மக்கில் அலசுங்கள். முழங்காலைப் பாதி மடக்கினால் தோல் விறைப்பாக நிற்கும்.

பிளேடை 5 முதல் 7 தடவைக்கு மேல் வைத்திருக்காதீர்கள். முடியைவிட எஃகு 50 மடங்கு கடினம், அது எப்படி மழுங்குகிறது என்று எனக்கே வெகுநாள் சந்தேகம் இருந்தது. 2020-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். பிளேடின் கூர் தேய்வதைவிட, முடி ஒரு பக்கமாக வளைந்து மோதும் இடத்தில் துணுக்குத் துணுக்காகச் சிதைகிறதாம். சிதைந்த கூர் முடியை வெட்டாது, பிடித்து இழுக்கும். இழுப்பது தெரிந்ததும் மாற்றிவிடுங்கள், கணக்குப் பார்க்க வேண்டாம்.

பாத்ரூம் திண்டில் ரேசரை விட்டு வராதீர்கள். உதறி, காயவைத்து, அறையில் வையுங்கள். அறைத்தோழி எவ்வளவு நெருக்கமானாலும் கொடுக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளி மூலம் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி பரவும், சி-யும் பரவும். இதில் கறாராக இருங்கள், கண்ணு. மேட்ச் அன்று காலையில் ஷேவ் வேண்டாம். முந்தின நாள் இரவே முடித்துவிடுங்கள். புதிதாக ஷேவ் செய்த காலோடு பந்துக்கு விழுந்து எழுந்தால் வியர்வையும் மண்ணும் சேர்ந்து எரியும்.

பிங்க் நிற ரேசருக்கு மட்டும் ஏன் கூடுதல் விலை? ஆண்கள் ரேசரை வாங்கிப் பயன்படுத்தினால் ஏதாவது ஆகுமா?
– குடும்பத்தலைவி, சூரமங்கலம்

ஒன்றும் ஆகாது. பிளேடு எஃகில் ஆண் பெண் கிடையாது. 2015-ல் நியூயார்க் நகர நுகர்வோர் துறை கடைகளில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, உடல் பராமரிப்புப் பொருட்களில் பெண்களுக்கானவை சராசரியாக 13 சதவீதம் அதிக விலையில் இருந்தன. ஊர் எதுவானாலும் விலைச் சீட்டை நாம் புரட்டிப் பார்த்தே வாங்க வேண்டும்.

வித்தியாசம் வடிவத்தில் இருக்கிறது. ஆண்கள் ரேசரின் தலை மூக்குக்குக் கீழே நுழைகிற மாதிரி சின்னதாக, ஓரம் நறுக்கென்று இருக்கும். பெண்களுக்கானது அகலமாக, ஓரம் வளைந்து, முழங்காலைச் சுற்றிப் போகத் தோதாக இருக்கும். அந்த வளைவு வேண்டுமென்றால் அதற்குக் காசு கொடுக்கலாம், நிறத்துக்குக் கொடுக்க வேண்டாம். ஆண்கள் ரேசர் வாங்கினால் உங்களுக்கென்று தனியாகப் புதிதாக வாங்கி, கைப்பிடியில் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள்.

ஏற்காட்டில் ஆசிரியையாக இருக்கிறேன். குளிர் ஆரம்பித்துவிட்டால் ஷேவ் செய்யும்போதெல்லாம் கீறல், மறுநாள் சிவப்புப் புள்ளிகள், அரிப்பு. கடையில் ஐந்து பிளேடு ரேசர்தான் உயர்ந்தது என்று கொடுத்தார்கள். அதிலும் இப்படித்தான்.
– ஆசிரியை, ஒண்டிக்கடை

என் அக்காவைக் கொடுத்தது உங்கள் மலையிலேயே, நாகலூரில். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்குவது எனக்கு இன்னொரு வீட்டுக்குப் போய்வருகிற மாதிரி. டிசம்பர் விடியலில் அக்கா வீட்டுப் பாத்ரூமில் கால் வைத்தால் முட்டி வரை சிலிர்த்து நிற்கும். உங்கள் கீறலுக்குக் காரணம் அந்தச் சிலிர்ப்புதான். மயிர்க்கூச்செறியும்போது ஒவ்வொரு முடியின் அடியிலும் தோல் புள்ளியாக மேலெழும். பிளேடு அந்தப் புள்ளிகளின் உச்சியைச் சீவிக்கொண்டு போகிறது. ஐந்து பிளேடு என்றால் ஒரே இழுப்பில் ஐந்து முறை.

இன்னொன்றும் இருக்கிறது. பல பிளேடு ரேசரில் முதல் பிளேடு முடியைச் சற்றே வெளியே இழுக்கும், பின்னால் வருவது அதை வெட்டும். வெட்டுப்பட்ட முடி தோல் மட்டத்துக்குக் கீழே போய் நிற்கும். வழவழப்பு அதனால்தான் கிடைக்கிறது. ஆனால் முடி சுருளும் தன்மை உள்ளவர்களுக்கு, அது மறுபடி வெளியே வரும்போது வழி தவறித் தோலுக்குள்ளேயே வளைந்துவிடும். நீங்கள் சொல்லும் சிவப்புப் புள்ளியில் சில அப்படிப்பட்டவையாக இருக்கலாம். ஊசி வைத்துக் குத்தி எடுக்காதீர்கள், கருந்தழும்பு நிற்கும்.

இரண்டு பிளேடு ரேசருக்கு மாறுங்கள். காலையில் வேண்டாம், பள்ளி விட்டு வந்து, வெளியே வெயில் சூடு கொஞ்சம் மிச்சமிருக்கும்போது செய்யுங்கள். ஹீட்டர் தண்ணீரை ஒரு பக்கெட்டில் ஊற்றி இரண்டு காலையும் ஐந்து நிமிடம் உள்ளே வையுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், கை பொறுக்கிற சூடு. தோல் தட்டையாகப் படிந்ததும் ஜெல் பூசி, ஒரே இடத்தில் இரண்டு முறைக்கு மேல் போகாமல் முடித்துவிடுங்கள். துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர். யூரியா கலந்த க்ரீம் மருந்துக் கடையில் கிடைக்கும், மலைக் குளிருக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் ஷேவ் செய்த அன்று எரியும், மறுநாளிலிருந்து தடவுங்கள்.

கீறல் பட்டால் சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உங்கள் ஊரில் வெட்டுக்குக் காபித்தூள் வைக்கிற பழக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. என் அக்காவும் வைப்பாள், நான் சண்டை போடுவேன். காபித்தூளும் வேண்டாம், அடுக்களை மஞ்சளும் வேண்டாம். காயத்துக்குள் தூள் போனால் கழுவி எடுப்பது பெரும்பாடு. மழைக்காலத்தில் அட்டை கடித்த இடத்துக்கு மேலும் ரேசர் போகக் கூடாது. பக்கு தானாக உதிரட்டும்.

குளிர் முடிகிற வரை ஷேவ் செய்யாமலே விட்டுவிடலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் சின்னதாகக் கேட்டிருந்தீர்கள். விடுங்கள். கால் முடி அழுக்கு இல்லை, நோயும் இல்லை. புடவைக்கும் கம்பளி சாக்ஸுக்கும் அடியில் அது பாட்டுக்கு இருக்கட்டும்.

எனக்கு 52 வயது. 12 வருடமாகச் சர்க்கரை. பாதம் அடிக்கடி மரத்துப்போகிறது. மகள் கல்யாணத்துக்கு முன் கால் முடியை எடுத்துவிட ஆசை. ரேசரா, க்ரீமா, வேக்ஸிங்கா?
– வாசகி, அம்மாபேட்டை

மூன்றும் வேண்டாம் அக்கா. மரத்துப்போகிற காலில் பிளேடு வெட்டினாலும் தெரியாது, வேக்ஸ் சுட்டாலும் தெரியாது, க்ரீம் அரித்தாலும் தெரியாது. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சின்னக் காயம்கூட ஆறச் சுணங்கும், அதில் சீழ் பிடித்தால் விஷயம் பெரிதாகிவிடும். உங்கள் டாக்டரிடம் காலைக் காட்டி, "டிரிம்மர் போடலாமா?" என்று கேளுங்கள். அவர் சரியென்றால் பேட்டரியில் ஓடும் டிரிம்மர், சீப்பு மாதிரி மூடி மாட்டி, கணுக்காலுக்கு மேலே மட்டும். முடியை ஒட்ட வெட்டாது, ஆனால் தோலில் கூர் படாது. கூடவே யாராவது நல்ல வெளிச்சத்தில் இருந்து செய்துவிடட்டும். நரம்பு புடைத்துச் சுருண்டிருக்கும் இடம் இருந்தால் அதன் மேல் போக வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

கல்யாண வயதில் மகள் இருக்கும்போது எதற்கு இந்த ஆசை என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறையில் கொலுசு வேலை செய்கிறேன். மனைவி இறந்து நான்கு வருடம். மகளுக்கு 15 வயது. போன வாரம் என் ரேசரில் ரத்தம் இருந்தது. மகள் காலில் துணி சுற்றியிருக்கிறாள். கேட்டால், "கட்டிலில் இடிச்சுக்கிட்டேன்" என்கிறாள். எனக்குப் புரிந்துவிட்டது. திட்டவில்லை. ஆனால் இதை நான் எப்படிப் பேசுவது? என்ன வாங்கிக் கொடுப்பது? தப்பாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

தப்பே இல்லை ஐயா. திட்டாமல் இருந்தீர்கள் பாருங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

எனக்கு 16 வயதில் இதே கதை. எங்கள் அப்பாவின் ரேசர் பாத்ரூம் ஜன்னலில், ஒரு சோப்பு டப்பாவில் இருக்கும். இரண்டு பக்கமும் கூர் உள்ள இரும்பு ரேசர். அவர் கழற்றிக் கழுவுவதைப் பார்த்தே தெரிந்துகொண்டேன் என்று நினைத்தேன். பச்சைத் தண்ணீர், சோப்பு இல்லை, வெளியே அம்மா கதவைத் தட்டுகிறார். முன்னங்கால் எலும்பில் இரண்டு அங்குலத்துக்குத் தோல் சீவிக்கொண்டு போனது. ஒரு வாரம் பாவாடைக்குள் மறைத்தேன். காய்ச்சல் வந்த பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. வலி எனக்கு மறந்துவிட்டது. டாக்டரிடம், "வேலி கம்பி கிழிச்சிடுச்சு" என்று சொன்ன பொய் மட்டும் மறக்கவில்லை.

அதனால் முதலில் காயம். துணியை அவிழ்த்துப் பாருங்கள், அல்லது பக்கத்து வீட்டு அக்கா யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். சுற்றிலும் சிவந்து சூடாக இருந்தாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. பள்ளிப் பிள்ளைகளுக்கு 10 வயதிலும் 16 வயதிலும் டிடி ஊசி (ரணஜன்னித் தடுப்பூசி) போடுவார்கள். 10 வயது ஊசி போட்டாளா என்று அட்டையைப் பாருங்கள், தெரியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் ரேசரில் இருந்த பிளேடையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுங்கள்.

பேசுவதற்குப் பெரிய பேச்சு வேண்டாம். "என் ரேசர் எனக்கு, கண்ணு. ஒருத்தர் ரேசர் இன்னொருத்தருக்கு ஆகாது. உனக்குத் தனியா வாங்கி வெச்சிருக்கேன்" என்று இவ்வளவு போதும். அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விடலாம். போகட்டும். வேண்டாம் என்றாலும் பரவாயில்லை. செய்தே ஆக வேண்டும் என்றும் இல்லை, செய்யவே கூடாது என்றும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தால் சரி.

வாங்க வேண்டியது: தலை அசைகிற, மூன்று பிளேடு வைத்த பெண்கள் ரேசர் ஒன்று, மாற்றுத் தலை ஒரு பெட்டி, ஒரு சின்ன ஷேவிங் ஜெல், வாசனையில்லாத மாய்ஸ்சரைசர். மருந்துக் கடையிலேயே எல்லாம் இருக்கும். கேட்கக் கூச்சமாக இருந்தால் இதைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். பாத்ரூமில் அவள் கைக்கு எட்டும் இடத்தில், ஈரம் படாத ஒரு தட்டு அடித்து வையுங்கள். மூடியில் கீறல் போட்ட பழைய பிளாஸ்டிக் டப்பா ஒன்றும் வேண்டும், மழுங்கிய பிளேடெல்லாம் அதற்குள் போகட்டும். வெறும் பிளேடைக் குப்பையில் போட்டால் கிழிபடுவது குப்பை பிரிக்கிறவர்களின் விரல்.

உங்களுக்கே நன்றாகத் தெரிந்த ஒன்றை நீங்களே அவளிடம் சொல்லுங்கள்: கொலுசைக் கழற்றிவிட்டுத்தான் ஷேவ். ரேசரின் தலை கொலுசு வளையத்தில் மாட்டி எகிறினால் கணுக்காலில்தான் இறங்கும். கால் வழுக்கும்போது சலங்கையும் சிக்கும். திருகைக் கழற்றக் கஷ்டப்படுகிறாள் என்றால், எளிதாகத் திறக்கிற கொக்கி வைத்துக் கொடுங்கள். அந்த வேலை உங்கள் கையில் இருக்கிறது.

காயம் ஆறிப் புதுத்தோல் வரும் வரை அந்தக் காலில் ரேசர் வேண்டாம். எப்படிச் செய்வது என்பதை நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தைக் கிழித்து அந்தத் தட்டில் வைத்துவிடுங்கள். மேலே வாலிபால் ஆடும் பெண்ணுக்கு எழுதியது அவளுக்கும் அப்படியே பொருந்தும்.